உங்க ஏஐ பிரியாணி ஆர்டர் பண்ணும்போது எந்த 'மொத்தத்தை' பார்க்குது?



போன மாசம் என் தம்பி ஒரு டாக்குமெண்டை அனுப்பி, "அக்கா, பணம் சம்பந்தப்பட்டது, ஒரு தடவை படிச்சுச் சொல்லு"ன்னான். சாப்பாடு ஆர்டர் பண்ற ஒரு ஆப்புக்கு அவன் டீம் 'கார்ட் டூல்' செய்யுது. நீங்க உங்க ஏஐ அசிஸ்டென்ட் கிட்ட "மதியத்துக்கு 500 ரூபாய்க்குள்ள ஏதாவது ஆர்டர் போடு"ன்னா, அது உங்களை மாதிரி ஆப்பைத் திறந்து பட்டனைத் தட்டாது. இந்த டூலைக் கூப்பிட்டு கார்ட்டில் பொருளைச் சேர்க்கும். இதுல ஒரு சிஏ-வுக்கு என்ன வேலைன்னு நினைச்சுத்தான் படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டாவது பக்கத்துலயே சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டியதாப் போச்சு.

முதல்ல அடிப்படை. ஏஐ-யையும் வெளி ஆப்களையும் இணைக்க எம்சிபி என்று ஒரு பொது முறை இருக்கு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதுக்கு என்னென்ன விவரம் தரணும் என்ற பட்டியல் இருக்கும். அந்த விளக்கத்தைப் படிச்சுத்தான் எப்போ எந்த டூலைக் கூப்பிடணும்னு ஏஐ முடிவு பண்ணுது. மேனுவல்ல ஒரு வரி விட்டுப்போனா நாம போன் பண்ணிக் கேட்போம். ஏஐ பல நேரம் கேட்காது. தானா ஒண்ணை ஊகிச்சுக்கிட்டு மேலே போயிடும். ஊகம் தப்பானா பணம் கழியறது உங்க சம்பளக் கணக்குல இருந்து.

தம்பியோட டாக்குமெண்டில் 'மொத்தம்' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. எந்த மொத்தம்? உதாரணத்துக்கு ஒரு பில் போடுவோம். சாப்பாடு 400 ரூபாய், ஹோட்டல் பேக்கிங் 20. இந்த 420-க்கு 5% ஜிஎஸ்டி, 21 ரூபாய். டெலிவரி கட்டணம் 40, அதுக்கு 18% ஜிஎஸ்டி 7.20. பிளாட்ஃபார்ம் கட்டணம் 15, அதுக்கும் 18%, அதாவது 2.70. கூட்டினா 505.90. (2022 ஜனவரி 1-லிருந்து பெரும்பாலான ஹோட்டல் சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டியை ஆப்தான் அரசுக்குக் கட்டுது. ஆனா பணம் நம்ம பாக்கெட்ல இருந்துதான்!)

டூல் திருப்பித் தர்ற 'மொத்தம்' 400 என்றால், பட்ஜெட்டுக்குள்ள இருக்குன்னு ஏஐ ஆர்டர் போட்டுடும். மாசம் 22 வேலை நாள் இப்படிப் போனா, ஏஐ உங்களுக்குச் சொல்ற சாப்பாட்டுச் செலவு 8,800. கார்டில் கழிஞ்சது 11,129.80. வித்தியாசம் 2,329.80. அது ஒரு எஸ்ஐபி தவணைங்க. நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: பொருள் மொத்தம், கட்ட வேண்டிய தொகை ரெண்டுக்கும் தனித்தனிப் பெயர் வை. பட்ஜெட்டை ரெண்டாவதோட மட்டும் ஒப்பிடணும்னு விளக்கத்துலயே சொல்லு. முகவரியோ கூப்பனோ மாறினா பழைய தொகை செல்லாதுன்னும் எழுது. தொகை ரூபாயிலா பைசாவிலா என்பதும் வேணும், பைசாவில் 505.90 என்பது 50590.

அடுத்தது, எண்ணிக்கை. 'அளவு 2' என்றால் இன்னும் 2 சேர்க்கணுமா, மொத்தம் 2 ஆக்கணுமா? டெஸ்ட்டில் நெட் தடுமாறி பதில் வர லேட்டாச்சாம். போகலைன்னு நினைச்சு ஏஐ திரும்பக் கூப்பிட, 2 பிரியாணி 4 ஆயிடுச்சு. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்களுக்கு இது பழைய கதை. ஒரே வவுச்சர் நம்பர் ரெண்டு தடவை வந்தா சிஸ்டம் ரெண்டாவதை ஏத்துக்காது. அதே மாதிரி ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண். அதே எண் திரும்ப வந்தா புது ஆர்டர் கிடையாது.

இன்னொண்ணு, பல ஆப்களில் ஒரு கார்ட்டில் ஒரே ஹோட்டல்தான். வேற ஹோட்டல் பொருளைச் சேர்த்தா, பழசை அழிக்கவான்னு நம்மகிட்ட ஒரு பாப்-அப் கேட்கும். ஏஐ-க்கு ஏது பாப்-அப்? அங்கே என்ன நடக்கும்னும் எழுதியாகணும்.

கடைசியா நான் பிடிவாதம் பிடிச்ச விஷயம், கார்ட்டில் சேர்க்கிற டூலும் ஆர்டர் போடுற டூலும் தனித்தனியா இருக்கணும். ஆபீஸ்ல செக் எழுதுறவர் ஒருத்தர், கையெழுத்துப் போடுறவர் இன்னொருத்தர். இதை மேக்கர்-செக்கர்னு சொல்வாங்க. கார்ட் போடுறது ஏஐ வேலை. கட்ட வேண்டிய தொகையையும் முகவரியையும் பார்த்து 'சரி' சொல்றது உங்க வேலை. நீங்களே லாகின் பண்ணி அனுமதி கொடுத்த ஏஐ போட்ட ஆர்டரை, 'எனக்குத் தெரியாம நடந்துச்சு'ன்னு பேங்க்ல வாதாடுறது ரொம்பக் கஷ்டம்.

டூல் எழுதுறது உங்க வேலை இல்லையா? அப்போ இதை மட்டும் செய்யுங்க. ஏஐ-யை ஆப்போட இணைக்கும்போது, ஆர்டருக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேட்கிற செட்டிங்கை விடாதீங்க. யுபிஐ பின் அல்லது ஓடிபி கேட்கிற வழியிலேயே பணம் கட்டுங்க. ஆப் வாலெட்டில் இருக்கிற பணம் பின் கேட்காமலே கழியலாம், அதனால அதில் பெரிய தொகையை வைக்காதீங்க. முதல் வாரம் ஏஐ சொன்ன தொகையையும் பேங்க் எஸ்எம்எஸ்-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்க.

தம்பி நேத்து ரெண்டாவது வெர்ஷன் அனுப்பினான். டிப்ஸ் எந்த மொத்தத்தில் சேரும்னு இன்னும் எழுதலை. திருப்பி அனுப்பிட்டேன்.