விலை இல்லாத தபால்தலை!

குட்டீஸ், தபால்தலை என்றால் அதில் ஒரு படம் இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும், மூலையில் விலையும் இருக்கும். ஆனால் 2007-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஒரு புதுமையான தபால்தலை வெளியானது. சுதந்திர மணியின் படம் போட்ட அந்த ஸ்டாம்பில் விலையே கிடையாது! விலை இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபார் எவர்' என்று அச்சடித்திருந்தார்கள். 'என்றென்றும்' என்று அர்த்தம்.

அப்போது அதன் விலை 41 சென்ட். (100 சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர்.) அதை வாங்கி வைத்தவர் எத்தனை வருடம் கழித்து ஒட்டினாலும் ஒரு சாதாரணக் கடிதம் போய்ச் சேரும். கூடுதலாக ஒரு சென்ட் கூடத் தர வேண்டாம். 2025 ஜூலையில் அமெரிக்காவில் கடிதக் கட்டணம் 78 சென்ட் ஆனது. அன்றைய 41 சென்ட் ஸ்டாம்ப் அப்போதும் செல்லும்!

அதற்கு முன்பெல்லாம் கட்டணம் ஏறும்போது வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஸ்டாம்புடன் ஒரு சென்ட், இரண்டு சென்ட் ஸ்டாம்புகளையும் வாங்கி ஒட்ட வேண்டும். அந்தத் தொல்லை இனி இல்லை.

சரி, தபால் கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

காசின் பலம் குறைகிறது

"எங்க காலத்துல காலணாவுக்கு எவ்வளவு வாங்கலாம் தெரியுமா?" என்று தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அரிசி, துணி, பஸ் டிக்கெட் என்று எல்லாவற்றின் விலையும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அதே ரூபாய்க்கு முன்பைவிடக் குறைவான பொருள்தான் கிடைக்கிறது. இதைத்தான் பணவீக்கம் என்கிறோம்.

ஆகவே, '3 சென்ட்டாக இருந்தது 73 சென்ட் ஆகிவிட்டதே!' என்று உடனே வாயைப் பிளக்கக் கூடாது. கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

1932 ஜூலையில் அமெரிக்காவில் கடிதக் கட்டணம் 3 சென்ட். அன்று 1 டாலருக்குக் கிடைத்த பொருட்களை 2024-ல் வாங்க சுமார் 23 டாலர் தேவைப்பட்டது. அப்படியானால், 3 x 23 = 69. அதாவது 1932-ன் 3 சென்ட், 2024-ன் 69 சென்ட்டுக்குச் சமம். 2024 ஜூலையில் உண்மையான கட்டணம் 73 சென்ட். 92 வருடத்தில் ஏறியது 4 சென்ட் மட்டும்தான் என்று சொல்லலாம்!

26 ஆண்டு தூக்கம்

ஆனால் இடைப்பட்ட காலத்தில் கதை வேறு. 1932 முதல் 1958 வரை 26 ஆண்டுகள் கட்டணம் அதே 3 சென்ட்தான். அந்தக் காலத்தில் மற்ற பொருட்களின் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அப்படிப் பார்த்தால் 1958-ல் மக்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கடிதம் அனுப்பினார்கள். மீதிச் செலவை யார் கொடுத்தது? அரசு கஜானா! மக்கள் கட்டிய வரிப் பணம்தான் அது. கடிதமே எழுதாதவரும் அதில் பங்கு கொடுத்தார்.

1971-ல் தபால் துறையை மாற்றி அமைத்து, 'உன் செலவை நீயே சம்பாதித்துக்கொள்' என்றார்கள். உடனே கட்டணம் வேகம் எடுத்தது. 1970-ல் 6 சென்ட்டாக இருந்தது, 1981 கடைசியில் 20 சென்ட். இது மூன்று மடங்குக்கும் அதிகம். அதே காலத்தில் மற்ற விலைகள் ஏறியது 2.3 மடங்குதான்.

ஒருமுறை கட்டணம் குறைந்தும் இருக்கிறது! 2016 ஏப்ரலில் 49 சென்ட் 47 சென்ட் ஆனது. தற்காலிகமாகச் சேர்த்திருந்த கூடுதல் கட்டணத்தின் கெடு முடிந்ததுதான் காரணம். அதற்கு முன் குறைந்தது 1919-ல்!

கோவேறு கழுதை தபால்

அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கினுள் சுப்பாய் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே சாலை கிடையாது. கோவேறு கழுதைகள்தான் தபாலைச் சுமந்து இறங்கும்! அந்தக் கிராமத்துக்கும், நியூயார்க்கில் அடுத்த தெருவுக்கும் ஒரே ஸ்டாம்ப்தான், ஒரே விலைதான்.

இது எப்படிக் கட்டுப்படியாகும்? பள்ளி வேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் செலவு 2,000 ரூபாய், 20 பேர் வந்தால் ஆளுக்கு 100 ரூபாய். பத்துப் பேர் நின்றுவிட்டால்? அதே டிரைவர், அதே டீசல். மீதிப் பத்துப் பேர் ஆளுக்கு 200 ரூபாய் தர வேண்டும்!

தபாலிலும் இதுதான் நடக்கிறது. 2001-ல் அமெரிக்கர்கள் அனுப்பிய முதல் வகுப்புத் தபால்கள் 10,000 கோடிக்கும் அதிகம். 2024-ல் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. இ-மெயிலும் செல்போனும் வந்துவிட்டனவே! ஆனால் தபால்காரர் போக வேண்டிய முகவரிகள் 16 கோடிக்கும் மேல். அதனால் 2021 ஆகஸ்ட்டுக்கு முன் 55 சென்ட்டாக இருந்த கட்டணம், நான்கே வருடத்தில் 78 சென்ட் ஆகிவிட்டது. விலைவாசியை முந்திக்கொண்டு ஓடுகிறது. கட்டணம் ஏறினால் இன்னும் சிலர் கடிதம் எழுதுவதை நிறுத்துவார்கள். ஏற்றாவிட்டால் கழுதைக்குத் தீவனம் யார் வாங்குவது? இதுதான் அவர்களுக்குத் தலைவலி.

நம்ம போஸ்ட் கார்டு

இந்தியாவில் போஸ்ட் கார்டு அறிமுகமானது 1879 ஜூலை 1 அன்று. விலை காலணா. 2000-களின் தொடக்கத்தில் அது 50 பைசா ஆனது. அதன் பிறகு 20 வருடம் கழித்தும் அதே 50 பைசாதான்! அதற்குள் மற்ற விலைகள் மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிட்டன. அவற்றோடு சேர்ந்து ஏறியிருந்தால் கார்டின் விலை ஒன்றரை ரூபாயைத் தாண்டியிருக்கும். அந்த மிச்சச் செலவை யார் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

செய்து பாருங்கள்!

அப்பா, அம்மா உங்கள் வயதில் இருந்தபோது பென்சில், தோசை, பஸ் டிக்கெட் எல்லாம் என்ன விலை என்று கேட்டு எழுதுங்கள். இன்றைய விலையை அன்றைய விலையால் வகுத்துப் பாருங்கள். எது அதிக மடங்கு ஏறியிருக்கிறது? எது தூங்கிக்கொண்டிருக்கிறது? கண்டுபிடித்ததை ஒரு போஸ்ட் கார்டில் எழுதி, வெளியூர் நண்பனுக்கு அனுப்புங்களேன்!