சில்லுக்குள் மணல்

சென்ற வைகாசித் திங்களில், எங்கள் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிற் திருக்குளிர்த்திச் சடங்கைக் காண்பதற்காக, என் தமக்கையார் கனடாவிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தார். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. உடுப்பைக் காட்டிலும் கவனமாகச் சுற்றி அவன் கொண்டுவந்த பொருள் ஒன்று இருந்தது. நான்கு சிறு சில்லுகள் பூட்டிய ஒரு பலகை. அதன்மேல் ஒரு காலை ஊன்றி, மறுகாலால் நிலத்தை உந்தி வீதியில் விரைந்தோடுவதே விளையாட்டு. ஸ்கேட்போர்ட் என்று பெயர். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தி இதில் ஓடுவதைப் பற்றி 2019இல் ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. 2021இல் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் இவ்விளையாட்டுக்கு முதன்முதலாக இடமும் கிடைத்தது. ஆயினும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரும் புதினமே. காபட் இட்ட பிரதான வீதியில் அவன் ஓட, பின்னால் ஒரு பட்டாளம் ஓடியது.

மூன்றாம் நாள் அவன் பலகையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனான். நான்காம் நாள் இரண்டு சில்லுகள் கறகறவென்று இரைந்தன. ஒன்று சுற்றவே மறுத்தது. “மாமா, கொஞ்சம் எண்ணெய் இருக்கா?” என்று வந்து நின்றான். அவனுடைய அம்மம்மா, அதாவது என் தாயார், தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுக்க அடுக்களைக்கு எழுந்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மீண்டும் அமர்ந்துகொண்டார். அந்தச் சிரிப்பின் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில், சுற்ற மறுத்த பொருள் யாது என்று பார்ப்போம். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் இருபுறத்துக்கும் ஒவ்வொன்றாக இரண்டு உருக்கு வளையங்கள் பதிந்திருக்கும்; நான்கு சில்லுக்கும் எட்டு. சைக்கிள் கடையில் இதனைப் பெயாரிங் என்பார்கள். நூல்வழக்கில் குண்டுப் போதிகை. கோயில் மண்டபத்துத் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்கும் போதிகை என்றே பெயர். அது நின்று தாங்குவது. இது சுழன்று தாங்குவது. பெயர் வைத்தவர் தமிழும் பொறியியலும் ஒருங்கே அறிந்தவராக இருக்கவேண்டும்.

இதன் வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர், நடுத்துளை 8, தடிப்பு 7. ஒன்றினுள் ஒன்றாக இரு வளையங்கள்; அவற்றுக்கிடையேயுள்ள பள்ளத்தில் வழக்கமாக ஏழு உருக்குக் குண்டுகள்; அவை ஒன்றோடொன்று முட்டாதபடி பிரித்து வைக்கும் ஒரு கூடு. உரசிச் செல்வதைவிட உருண்டு செல்வது எளிது என்பதே இதன் தத்துவம். தோணியைக் கரையேற்றும்போது அடியில் உருளைத் தடிகளை இடுவதும் இதற்காகவே. 1794இல் வேல்ஸ் நாட்டவரான பிலிப் வோன் என்பவர் வண்டியச்சுக்கு இத்தகைய குண்டுகளை அமைக்கும் உரிமம் பெற்றார். 1869இல் பாரிசிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த சைக்கிள் ஓட்டப் போட்டியில் வென்ற ஜேம்ஸ் மூரின் வண்டியில், சூரிறே என்ற பிரெஞ்சுக்காரரின் குண்டுப் போதிகைகள் இருந்தன. குண்டுகள் யாவும் ஒரே அளவினதாக அமையாவிட்டால் பாரம் முழுவதும் பெரிய குண்டுகள் சிலவற்றின்மேல் விழுந்துவிடும். அந்தக் குறையை, 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர் அமைத்த குண்டு அரைக்கும் இயந்திரம் தீர்த்துவைத்தது.

ஆகவே, துவிச்சக்கர வண்டியும் மருமகனின் பலகையும் ஒரு குடும்பத்தவை. 1970களின் நடுப்பகுதிவரை அப்பலகைச் சில்லுகளிலும் சைக்கிளிற் போலவே உதிரிக் குண்டுகள்தாம் இருந்தன. மூடியிட்ட வளையம் அதன் பின்னரே வந்தது. சாதாரண சைக்கிளின் முன்சில்லுக் குடத்தில் பக்கத்துக்குப் பத்தாக இருபது குண்டுகளும், பின்சில்லில் பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டுச் சற்றுப் பெரிய குண்டுகளும் உள்ளன. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது, கோடிப்புறத்தில் சாத்திக் கிடந்த வண்டிகளெல்லாம் வீதிக்கு மீண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றுட் பல முதல் நாளே முனகியதற்கும் இக்குண்டுகளே காரணம்.

இனித் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம். எனக்கும் அப்போது இம்மருமகனின் வயதுதான் இருக்கும். என் தந்தையார் வயலுக்குப் போவதும் சந்தைக்குப் போவதும் ஒரேயொரு துவிச்சக்கர வண்டியை நம்பியே. அதன் பின்சில்லு இரையத் தொடங்கியது. அவருக்கு உதவி செய்வதாக எண்ணி, அவர் உறங்கிய நேரம், அச்சின் ஓரத்தில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். மறுநாள் இரைச்சல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் ஊற்றிய எண்ணெய், அச்சோரத்தில் ஒட்டியிருந்த மணலையெல்லாம் கழுவி உள்ளே கொண்டுபோயிற்று. நம் கரையோர மணலிற் பெரும்பகுதி படிகக்கல். குண்டுகளின் உருக்குக்குக் கடினத்தில் அதிகம் இளைத்ததன்று. உலர்ந்த மணல் ஓரளவு உதிர்ந்துபோகும். எண்ணெயிற் குழைந்த மணலோ, உருக்கை அரைக்கும் சாந்தாகி உள்ளேயே தங்கிவிடும். சில வாரங்கள் கழித்துச் சில்லு ஆடத் தொடங்கியது. ஒருநாள் நெல்மூட்டையுடன் திரும்பும் வழியில் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தபோது, குண்டுகளைத் தாங்கும் கோனின் முகம் அம்மி பொளிந்ததுபோலக் குழிவிழுந்திருந்தது. குண்டுகள் சில பிளந்திருந்தன.

அந்நாளில் ஒரு கோன் வாங்குவது இலேசான காரியமன்று. அக்கரைப்பற்றிலும் இல்லை, கல்முனையிலும் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதம் தந்தையார் வயலுக்கு நடந்தே போனார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. விடியுமுன் அவர் படலையைத் திறக்கும் ஓசை மட்டும் பாயிற் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும்.

கடைசியில் எங்கேயோ ஒரு பழைய வண்டியிலிருந்து கோன் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டித் தந்தவர் அக்கரைப்பற்றில் சைக்கிள் திருத்தும் காக்கா ஒருவர். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அவர் சொன்ன பாடம் ஒரு வரிதான்: “மகன், எண்ணெய் பிறகு. முதல்ல கழுவல்.”

அவரிடம் இரண்டாம் பாடம் கற்றது 2004 டிசெம்பர் 26க்குப் பின்னர். கடல் கொண்டுபோய் மணலிற் புதைத்த அதே வண்டியை மீட்டெடுத்தோம். நானே குடத்தைத் திறந்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, புதிய கிறீஸ் இட்டுப் பூட்டினேன். ஒரு மாதத்தில் மறுபடியும் துரு. காக்கா திறந்து பார்த்துவிட்டு, “நல்ல தண்ணியில கழுவினீங்களா?” என்று கேட்டார். உப்பு மண்ணெண்ணெயிற் கரையாது என்பதை இரசாயனம் படித்த நான் மறந்துபோனேன். படியாத அவர் கையறிவால் அறிந்திருந்தார். உருக்கில் ஒட்டிய உப்பு, கிறீசின் அடியிலேயே இருந்து ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்த்திருக்கிறது. குண்டுகளின் உருக்கிலே குரோமியம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்குதான்; துருப்பிடியாத உருக்குக்குப் பத்துக்கு மேல் வேண்டும். ஆதலால் பளபளப்பைக் கண்டு ஏமாறக்கூடாது. அப்போது எங்கள் கிணறுகளும் உப்பேறிக் கிடந்தன. பவுசரில் வந்த குடிநீரிலிருந்து இரண்டு பேணி எடுத்துச் சில்லைக் கழுவினேன். அயலவர் பார்க்காதபடி வீட்டின் பின்புறத்தில் வைத்துக் கழுவினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இரண்டு பாடங்களையும் மனத்திற் கொண்டே மருமகனை அக்கரைப்பற்றுக்கு அழைத்துப் போனேன். காக்காவுக்கு இப்போது முதுமை, கண்ணாடி தடித்துவிட்டது. இப்படிப்பட்ட பலகையை அவர் முன்பு கண்டதில்லை. ஆயினும் சில்லைத் திருப்பிப் பார்த்தவுடன், “இது அறுநூற்றியெட்டு” என்றார்.

பதின்மூன்றாம் இலக்கச் சாவியால் அச்சின் சுரையைக் கழற்றினார். வளையத்தைச் சில்லிலிருந்து நெம்ப வேறு கருவி தேவைப்படவில்லை. சில்லைப் பாதிவரை வெளியே இழுத்து, அச்சின் நுனி உட்புறத்து வளையத்தின் துளையில் மட்டும் நிற்கும்படி பிடித்து ஒரு திருகு திருகினார்; வளையம் அச்சிலேயே தங்க, சில்லு கையோடு வந்தது. பின்னர் ஊசி முனையால், உள்வளையத்தை ஒட்டிய ஓரத்தில் மெல்லத் தூக்கி, இறப்பர் மூடியை எடுத்தார். அதை மடக்காமல் எடுக்கவேண்டும். மடங்கினால் மீண்டும் சரியாகப் பொருந்தாது. சில வளையங்களில் உலோக மூடி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையத்தின் முனையைத் தேடி நெம்பினால் அதுவும் கழலும்.

உள்ளே கறுத்த களி. முதலில் வெந்நீரில் அலசினோம்; அது கடலுப்புக்காக. உடனே துணியில் ஒற்றி உலர்த்தினோம். நீர் நின்றால் சில மணிநேரத்திலேயே துரு அரும்பும். அடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, எட்டையும் போட்டுக் குலுக்கினான் மருமகன். மண்ணெண்ணெய் கறுத்தது. மாற்றினோம், மறுபடியும் கறுத்தது. மூன்றாம் முறை தெளிந்தது. கிறீஸ் இடும் சைக்கிளுக்கு இதுவே போதும். மெல்லிய எண்ணெய் இடும் பலகைக்கு ஒரு படி கூடுதல் தேவை. ஏனெனில் மண்ணெண்ணெய் மெல்லிய படலமொன்றை விட்டுச் செல்லும், அது தூசியைப் பிடிக்கும். பாமசியில் விற்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஒருமுறை அலசினால் அப்படலம் போய்விடும். இறப்பர் மூடிகளுக்குச் சவர்க்கார நீர்தான். நகப்பூச்சு அகற்றும் அசற்றோன் கூட்டின் பிளாத்திக்கைக் கெடுக்கக்கூடும். சொல்லவே தேவையில்லை, இவ்வேலை அடுப்புக்கும் பீடிக்கும் எட்டத்தில், காற்றோட்டமான இடத்தில் நடக்கவேண்டும். பெற்றோலைத் தொடவே வேண்டாம்.

இங்கே மருமகன் ஒரு தவறு செய்யப் பார்த்தான். பக்கத்துக் கடையில் ரயருக்குக் காற்றடிக்கும் குழாயை வளையத்தின்மேற் பிடித்து, அது விர்ரென்று சுழலும் அழகைக் காண விரும்பினான். காக்கா கையைப் பிடித்துவிட்டார். எண்ணெயற்ற குண்டுகள் அந்த வேகத்தில் பள்ளத்தைக் கீறிவிடும். வளையம் சிதறினால் கண்ணுக்கும் ஆபத்து. காற்றடித்து உலர்த்தலாம், ஆனால் விரலால் வளையத்தைச் சுழலாமற் பிடித்துக்கொண்டே அடிக்கவேண்டும்.

எண்ணெய் இடும் கட்டம் வந்தபோது காக்கா மருமகனிடம், “நீ ஓட ஓடவா, நாள்பட ஓடவா?” என்று கேட்டார். அவன் விழித்தான். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் இரண்டு மூன்று துளி விட்டால் சில்லு விரைவாகச் சுழலும். ஆனால் அடிக்கடி கழுவி இடவேண்டும். கிறீஸ் இட்டால் சிறிது மந்தம். ஆனால் நெடுநாள் நிற்கும், மணலையும் ஈரத்தையும் வாசலிலேயே மறிக்கும். கடலோரப் பாடசாலைப் பிள்ளையின் சைக்கிளுக்குக் கிறீசே தகும் என்பது என் துணிபு. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து நாளடைவில் தடித்துப் பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் இன்னும் விரைவில். தகரத்திலிருந்து பீச்சும் டபிள்யூ.டி.-40ஐயும் பலர் எண்ணெயென்றே நம்புகிறார்கள். 1953இல் சான் டியாகோ நகரில் ஈரத்தை விலக்குவதற்காக ஆக்கிய கலவை அது. நாற்பதாவது முயற்சியிற் கைகூடியதால் அந்த எண். இறுகிய சுரையை இளக்கவும் அழுக்கை நீக்கவும் நன்று. சுழலும் குண்டுக்கு அது மட்டும் போதாது.

மருமகன் எண்ணெயையே தேர்ந்தான். பன்னிரண்டு வயதில் நானும் அதையே தேர்ந்திருப்பேன். இரண்டு துளி இட்டு, விரலிற் சுழற்றி, வழிந்ததைத் துடைத்து, மூடி வெளிப்புறம் பார்க்கும்படி சில்லிற் பதித்தான். சுரையை முழுதும் இறுக்கிப் பின் சில்லு மயிரிழை ஆடுமளவுக்குத் தளர்த்தவேண்டும். சைக்கிளின் கோனுக்கும் இதுவே விதி. கோனை இறுக்கினாற் குண்டுகள் நெரியும். தளர விட்டாற் சில்லு ஆடும். பிள்ளைகளின் வண்டியில் முன்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

ஏழு வளையங்கள் பிழைத்தன. எட்டாவது, விரலிற் சுழற்றும்போதே உள்ளே மணி கடிப்பதுபோல் இடறியது. குழிவிழுந்ததைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. அதற்காகக் கனடாவுக்கு எழுத வேண்டியதில்லை. 608 என்பது உலகெங்கும் ஒரே அளவைக் குறிக்கும் எண். கடைசி எட்டு, நடுத்துளையின் மில்லிமீற்றர். சிறு மின்மோட்டர்களிலும் அதே வளையந்தான் சுழல்கிறது. கல்முனையில் ஒரு கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்டோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்தபடி, “எந்த மோட்டருக்கு?” என்றார்.

“மோட்டர் நான்தான்” என்று காலைத் தட்டிக் காட்டினான் பையன்.

அன்று மாலை, பழையன ஏழும் புதியது ஒன்றுமாகப் பூட்டிய பலகையைத் தூக்கிக்கொண்டு காபட் வீதிக்குப் போனான். கடற்கரை ஒழுங்கைப் பக்கம் திரும்பவில்லை.