கோடை ஆய்வுப் பயிற்சி: இடம் கிடைத்தது, தங்குவது எங்கே?

பிப்ரவரி, மார்ச் வாக்கில் மாவட்டக் கல்லூரிகளின் அறிவியல் துறைகளில் ஒன்றிரண்டு மாணவர்களுக்கு அந்த மின்னஞ்சல் வந்து சேரும். பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள ஓர் ஆய்வகத்தில் கோடையில் இரண்டு மாதம் ஆய்வு செய்யத் தேர்வாகியிருக்கிறீர்கள் என்று அது சொல்லும். துறைத் தலைவர் கைகுலுக்குவார். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் படம் போகும். அன்று இரவு வீட்டில் எழும் கேள்வி வேறு: “எங்கே தங்குவே? மொத்தம் எவ்வளவு ஆகும்?” வந்த கடிதத்தில் இதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

இந்தப் பயிற்சிகளுக்கு மதிப்பெண்ணையும் ஆர்வத்தையும் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் தேர்வானவர் போய்ச் சேர்வாரா என்பதைப் பல வீடுகளில் கையிலிருக்கும் ரொக்கம்தான் முடிவு செய்கிறது. உதவித்தொகை உண்டு, அது வருவதற்குள் செய்ய வேண்டிய செலவும் உண்டு. இடையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தைச் சமாளிக்க முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

எவை இந்தப் பயிற்சிகள்?

நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இவற்றில் பரவலாக அறியப்பட்டது. மேக்நாத் சாஹாவின் முயற்சியால் 1930இல் அலகாபாத்தில் உருவானது ஒன்று. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கியது இன்னொன்று. மூன்றாவது டெல்லியில் இருக்கிறது. தேர்வாகும் மாணவரை ஓர் ஆய்வாளரிடம் அனுப்புவார்கள். இரண்டு மாதம் அவருடைய குழுவில் வேலை. கல்லூரி ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல கல்லூரிகளுக்குத் தெரிவதில்லை.

இதைத் தவிர மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், சென்னை ஐ.ஐ.டி. போன்றவை தனித்தனியாகக் கோடைப் பயிற்சி நடத்துகின்றன. கணித மாணவர்களுக்கு எம்.டி.டி.எஸ். என்ற நான்கு வார வகுப்பு 1993 முதல் நடக்கிறது. அதில் தேர்வானவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். கையில் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை மற்றத் திட்டங்களோடு ஒப்பிட்டால்தான் புரியும்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய திட்டங்கள் தேர்வானவருக்குப் பணம் தருபவை; அவரிடம் ஆயிரக்கணக்கில் வாங்குபவை அல்ல. “கட்டணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ்” என்று வரும் விளம்பரங்கள் வேறு வியாபாரம்.

வேலை மழைக்காலத்திலேயே தொடங்குகிறது

கோடைப் பயிற்சி என்பதால் ஏப்ரலில் விசாரிக்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அகாடமிகளின் திட்டத்துக்கு நவம்பரிலேயே கதவு மூடிய ஆண்டுகள் உண்டு. மற்றவற்றுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை கடைசித் தேதி வரும். தீபாவளி விடுமுறையில் விண்ணப்ப வேலையைத் தொடங்குவதே சரி.

மதிப்பெண் பட்டியலோடு, என்ன கற்க விரும்புகிறேன் என்று அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் தேவை. “சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்” என்று தொடங்கும் அரைப் பக்கங்களைத் தேர்வுக் குழு நிறையப் பார்த்திருக்கும். இரண்டாம் ஆண்டுச் செய்முறை வகுப்பில் ஒரு சோதனை ஏன் சரியாக வரவில்லை, அதைப் பற்றி என்ன படித்தேன் என்று நான்கு வரி எழுதுபவர் தனியாகத் தெரிவார். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளில் கேட்டால், “நல்ல மாணவர், ஒழுக்கமானவர்” என்ற பொதுக் கடிதம்தான் கிடைக்கும். மூன்று வாரம் முன்பே கேட்டு, செய்த வேலைகளின் குறிப்பையும் ஆசிரியர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

தேர்வானதும் அடுத்த அவசரம் ரயில் டிக்கெட். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே நடுவில் கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் நடுவிலேயே உட்கார வேண்டும். பள்ளி விடுமுறை என்பதால் காத்திருப்போர் பட்டியல் அன்றே நீளும். ரயில் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டங்களில் டிக்கெட்டைக் கேட்பார்கள். அதைப் பத்திரப்படுத்தாமல் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

பெங்களூரு என்றால் எந்தப் பெங்களூரு?

1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம், 1948இல் ராமன் நிறுவிய ஆய்வு நிறுவனம் என்று ஆய்வகங்கள் அடுக்கடுக்காக வந்த ஊர் அது. ஆனால் எல்லாம் ஒரே தெருவில் இல்லை. அறிவியல் கழகம் யஷ்வந்த்பூர், மல்லேஸ்வரம் பக்கம். ஆட்டோக்காரரிடம் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்று சொன்னால் சட்டென்று புரியும். ராமன் ஆய்வு நிறுவனம் சதாசிவ நகரில் இருக்கிறது. என்.சி.பி.எஸ். எனப்படும் உயிரியல் மையம் பெல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள். ஜக்கூரும் நகரின் வடக்கில்தான். வானியற்பியல் நிறுவனமோ தெற்கில் கோரமங்களாவில். கோரமங்களாவில் சித்தப்பா வீடு இருக்கிறது என்று நம்பி ஜக்கூர் ஆய்வகத்துக்குப் போகிறவர், தினமும் பாதி மாலையைப் பேருந்தில் கழிப்பார்.

ரயில் நிலையத்திலும் இதே கதை. மதுரை வழியாக வரும் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் நகர மையத்தில் மெஜஸ்டிக் பக்கமுள்ள கே.எஸ்.ஆர். நிலையத்தில் நிற்கும். வேறு சில ரயில்கள் யஷ்வந்த்பூரோடும், சில 2022இல் திறந்த பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா முனையத்தோடும் முடிந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த நிலையம் என்று பார்த்துவிட்டால் அதிகாலை ஆட்டோச் செலவு மிச்சம்.

மாணவிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் எந்த அட்டையும் காட்டாமல் இலவசமாக ஏறிப் பழகிவிட்டோம். கர்நாடகத்தில் 2023 ஜூனில் வந்த சக்தி திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். கன்டக்டர் அடையாள அட்டை கேட்பார். திருநெல்வேலி முகவரி இருந்தால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். மாதச் செலவில் பேருந்துக்கும் ஒரு தொகை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பி.ஜி. கணக்கு

சில நிறுவனங்கள் இடமிருந்தால் தம் விடுதியிலேயே அறை தருகின்றன. தேர்வுக் கடிதம் வந்த அன்றே இதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்; முந்தினவருக்குத்தான் இடம். இல்லையென்றால் பேயிங் கெஸ்ட், அதாவது பி.ஜி. இரண்டு பேர் அறை, மூன்று பேர் அறை என்று ஷேரிங் கணக்கில் வாடகை இருக்கும். வெறும் இரண்டு மாதத்துக்கு என்றால் பல இடங்களில் தயங்குவார்கள். போனில் பேசும்போது வாடகையோடு நிறுத்தாமல் இவற்றையும் கேட்க வேண்டும்:

“அண்ணா, ரெண்டு மாசம்தான் இருப்பேன், பரவாயில்லையா? அட்வான்ஸ் எவ்வளவு? காலி பண்ணும்போது மெயின்டனன்ஸ்னு எவ்வளவு பிடிப்பீங்க? எத்தனை நாள் முன்னாடி நோட்டீஸ் சொல்லணும்? ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடு உண்டா? கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?”

கடைசிக் கேள்வி ஆய்வக மாணவருக்கு முக்கியம். சோதனை பாதியில் இருக்கும்போது ஒன்பதரை மணிக்கு ஓட முடியாது. நோட்டீஸ் கேள்வியைத் தவறவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் போகும். இரண்டாம் மாதம் தொடங்கும் அன்றே, இந்தத் தேதியில் காலி செய்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவது நல்லது. வாய்ச்சொல்லை யாரும் பின்னால் ஒத்துக்கொள்வதில்லை. நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். அங்கே ஏற்கெனவே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து, முதல் இரண்டு நாள் அவருக்குத் தெரிந்த இடத்தில் தங்கி, அறையைப் பார்த்த பிறகு கொடுப்பதே பாதுகாப்பு.

பணம் எப்போது வரும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். சாப்பாட்டோடு வாடகை மாதம் 9,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000 என்று வைத்துக்கொண்டால், அறை எடுக்கும் அன்றே 14,000 எடுத்து வைக்க வேண்டும். இரண்டாம் மாத வாடகை 9,000, போக வர ரயில் 1,000, இரண்டு மாதப் பேருந்து 3,000, சலவை, போன், வெளிச் சாப்பாடு 5,000. மொத்தம் 32,000. மெயின்டனன்ஸுக்கு 1,500 பிடித்துக்கொண்டு அட்வான்ஸில் 3,500 திரும்பி வந்தால், நிகரச் செலவு 28,500. உதவித்தொகை மாதம் 12,000 என்றால் 24,000 வரும். கணக்கில் துண்டு விழுவது 4,500தான். பல குடும்பங்கள் அதை எப்படியோ புரட்டிவிடும்.

சிக்கல் தேதியில் இருக்கிறது. பல திட்டங்களில் சேர்ந்ததற்கான கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பகுதியும், இறுதி அறிக்கை கொடுத்த பிறகு மீதியும் வரும். அதுவரை 32,000 ரூபாயில் பெரும்பகுதியை வீடுதான் புரட்ட வேண்டும். வட்டிக்கு வாங்கினால் உதவித்தொகையில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். ஆகவே தேர்வுக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, தொகை எத்தனை தவணை, முதல் தவணை எந்த வாரம் என்று கேட்டுவிட வேண்டும். இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக்கிவிடும். பத்தாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கைக் கொடுத்து, ஆகஸ்ட் வரை அலைபவர்கள் இருக்கிறார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்கள், உயிரோடு இருக்கும் அந்தக் கணக்கையே கொடுக்கலாம்.

தேர்வு குறுக்கே வந்தால்?

பயிற்சி மே நடுவில் தொடங்கும். நம் ஊர்க் கல்லூரிகளில் சில ஆண்டுகள் பருவத் தேர்வு மே கடைசி வரை இழுக்கும். பயந்துபோய் இடத்தையே விட்டுவிடுவோர் உண்டு. தேர்வு அட்டவணையை இணைத்து, எந்தத் தேதியில் சேர முடியும் என்று வழிகாட்டும் ஆய்வாளருக்கு எழுதினால், பத்துப் பதினைந்து நாள் தள்ளிச் சேரப் பலர் ஒப்புக்கொள்வார்கள். கல்லூரி முதல்வரின் தடையில்லாச் சான்றையும் போனஃபைடு சான்றிதழையும் விடுமுறை விடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ஜூனில் அலுவலகத்தில் ஆள் பிடிப்பது கடினம்.

ஆய்வகத்தில் முதல் வாரம்

இரண்டு மாதம் என்பது சுமார் 40 வேலை நாள். இதில் புதுக் கண்டுபிடிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வழிகாட்டியைத் தினமும் பார்க்க முடியாது. உண்மையில் கற்றுத் தருபவர் குழுவிலுள்ள பிஎச்.டி. மாணவர்தான். முதல் வாரம் நான்கைந்து ஆய்வுக் கட்டுரைகளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். பாதி புரியாது. தமிழ் வழியில் படித்து வந்தவர் ஆங்கிலத்துக்குக் கூச்சப்பட்டு வாய் திறக்காமல் இருந்தால், புரிந்துவிட்டது என்று அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். எந்தப் பத்தியில் எந்த வரி புரியவில்லை என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்பவரைத்தான் ஆய்வகத்தில் மதிப்பார்கள். அன்றன்று செய்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதினால் கடைசி வாரத்தில் அறிக்கை தானாகத் திரண்டு வரும்.

பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்தால் மாணவிகள் அந்த நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்தவர் என்பதால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு குறைந்துவிடாது.

பொறுப்பு மாணவருடையது மட்டுமா?

இவ்வளவு முன்யோசனையையும் இருபது வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. முதல் தவணையைச் சேரும் நாளிலேயே தர நிறுவனங்களால் முடியும். கல்லூரிகளால் முடிவதும் சிறிதல்ல. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேர்தான் தேர்வாகிறார்கள். முன்னாள் மாணவர் சங்க நிதியிலிருந்து ஆளுக்கு 15,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டால் அதே தொகை அடுத்த ஆண்டு வேறொருவருக்கு உதவும். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிற கல்லூரி, அந்தப் படத்தில் இருப்பவர் ரயில் ஏறினாரா என்பதையும் விசாரிக்க வேண்டும்.