புரான்ஸ் மலரிலிருந்து சர்பத்து

இமயமலைச் சாரலில், ஏறக்குறைய 1,500 மீட்டர் முதல் 3,000 மீட்டர் வரை உயரமுள்ள காடுகளில், பிப்ரவரி முதல் ஏப்ரல் முடிய மரங்கள் செந்நிறமாகப் பூத்துக் குலுங்கும். குமாவூன், கட்வால் பகுதி மக்கள் புரான்ஸ் என வழங்கும் இம்மரத்தின் தாவரவியற் பெயர் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். இது உத்தராகண்ட மாநிலத்தின் மரமாகும். இதன் ஒரு கிளையினம் நீலகிரி, பழனி மலைகளிலும் வளர்கிறது.

இம்மலரின் சாற்றைச் சர்க்கரையுடன் காய்ச்சிச் சர்பத்தாகச் சேமித்து, கோடையில் நீர் கலந்து அருந்துவது இமயமலைக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் பல இதனை விற்பனைக்கும் தயாரிக்கின்றன.

மலரைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை இன்றியமையாதது. ரோடோடென்ட்ரான் இனங்கள் பலவற்றின் இலையிலும் தேனிலும் கிரயானோடாக்ஸின் என்னும் நச்சுப் பொருள் உண்டு. அது உடலிற் சேர்ந்தால் வாந்தி, தலைசுற்றல், நாடித் தளர்ச்சி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியன உண்டாகும். கி.மு. 401-ல் கருங்கடற்கரையில் கிரேக்கப் படையினர் காட்டுத் தேனை உண்டு நிலைகுலைந்து வீழ்ந்ததற்கு இந்நஞ்சே காரணம் எனக் கருதப்படுகிறது. இமயத்தின் மேல் உயரங்களில் புதராக வளர்ந்து, வெளிறிய ஊதா நிற மலர் தரும் காம்பானுலேட்டம் இனமும் நச்சுடையது. ஆகவே, நன்கு அடையாளம் அறியப்பட்ட மரத்தின் செந்நிற மலரையன்றி வேறெதனையும் கொள்ளலாகாது. இலை சிறிதும் கலத்தல் கூடாது. புல்லிவட்டம், மகரந்தத் தாள்கள் பத்து, சூலகம், தேன் தங்கும் அடிப்பகுதி ஆகியவற்றை நீக்கி, இதழ்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இதழ்களைத் தூய நீரில் அலசி, அவை மூழ்குமளவு நீர் விட்டு, நிறம் இறங்கும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்ட வேண்டும். இரும்பு, செம்புப் பாத்திரங்கள் நிறத்தைக் கெடுக்குமாதலால் எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. ஒரு லிட்டர் சாற்றிற்கு 2 கிலோகிராம் சர்க்கரையும், 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கரையும் வரை சூடாக்கி, கொதிநீரில் தூய்மை செய்து உலர்த்திய புட்டிகளில் சூடாகவே நிரப்பி மூடவேண்டும். இரண்டு லிட்டருக்குச் சற்று மிகுதியான சர்பத்து கிடைக்கும்.

இவ்வளவு சர்க்கரை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். இக்கலவையில் எடையில் மூன்றில் இரு பங்கு சர்க்கரையாகும். அது நீரைத் தன்பால் ஈர்த்துக் கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. சர்க்கரையைக் குறைத்தால் புளித்துப் போகும். அப்பொழுது பாதுகாப்புப் பொருள் தேவையாகும். கந்தக டை ஆக்ஸைடு தரும் உப்புகள் சிவப்பு நிறத்தை வெளுக்கச் செய்வதால், சட்டம் அனுமதிக்கும் அளவிற்குள் சோடியம் பென்சோவேட்டே இதற்குப் பொருத்தமானது.

மலரின் நிறத்திற்குக் காரணமான ஆந்தோசயனின் அமிலத்திற் சிவந்தும், காரத்தில் நீலமாகவோ பச்சையாகவோ மாறியும் தோன்றும். ஆசிரியர்கள் இதழ்ச் சாற்றை இரு குழாய்களிற் கொண்டு, ஒன்றில் எலுமிச்சைச் சாற்றையும் மற்றொன்றில் சமையல் சோடாக் கரைசலையும் சேர்த்து இவ்வுண்மையை மாணவர்க்குக் காட்டலாம்.

மலர் பறிப்போர் மரத்தின் எதிர்காலத்தையும் எண்ணுதல் வேண்டும். மலரனைத்தும் பறிக்கப்படின் விதை ஏது? தேன் நாடி வரும் பறவைக்கும் வண்டிற்கும் உணவு ஏது? சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே பூக்கள் மலர்ந்தமையும் காணப்பட்டுள்ளது. பருவம் பிறழும் இக்காலத்தில் பொறுப்பு மேலும் கூடுகிறது. கிளையை ஒடிக்காமல், ஒவ்வொரு மரத்திலும் பெரும் பகுதி மலர்களை விட்டுவைத்தே பறிக்கவேண்டும். வனத்துறையின் அனுமதி தேவைப்படும் இடங்களில் அதனை முன்னதாகப் பெறுவதும், 1931 முதல் கிராமக் காடுகளைப் பேணிவரும் வனப் பஞ்சாயத்துகளுடன் கலந்து பறிக்கும் அளவை வரையறுப்பதும் களப் பணியாளர் மேற்கொள்ளத்தக்க முதற்பணிகளாகும்.