கொஞ்சம் பொறுக்க முடியுமா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு நிரல் எழுத வருகிறவர், நினைவகம் கேட்கும்போது எத்தனை பைட் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. தன்னால் காத்திருக்க முடியுமா என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்தத் திறமூலத் திட்டத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாத ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். சாதாரணச் செயலி தவறினால் அது மட்டும்தான் விழும். கெர்னல் தவறினால் கணினியே நின்றுபோகும். நினைவகம் கேட்பதற்கென்று அவர்கள் தனி வழிகாட்டி வைத்திருப்பது அதனால்தான்.

அதன்படி, பெரும்பாலான இடங்களில் கோரிக்கையோடு எழுத வேண்டிய குறிச்சொல் ‘ஜிஎஃப்பி கெர்னல்’. ‘இப்போது இல்லையென்றால் பொறுக்கிறேன்’ என்று அதற்குப் பொருள். கேட்ட நிரல் தூங்கும். கெர்னல் அதற்குள் பழைய கோப்புப் பக்கங்களைக் கழித்து, மாறியவற்றை வட்டில் எழுதி, இடம் தேற்றித் தரும்.

நெட்வொர்க் கார்டு புராசஸரைக் குறுக்கிட்டு அழைக்கும் நேரத்தில் தூங்க வழியில்லை. அங்கே ‘ஜிஎஃப்பி அட்டாமிக்’: இருந்தால் உடனே கொடு, இல்லையென்றால் உடனே கைவிரி. அவசரத்துக்கென ஒதுக்கிய இருப்பில் கைவைக்கவும் இதற்கு உரிமை உண்டு. அந்த இருப்பு சிறியது. காத்திருக்கக்கூடிய இடத்திலும் சோம்பலால் இதை எழுதுவது, அடுத்தவரின் ஆபத்துக்கு வைத்ததை எடுத்துச் செலவழிப்பதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ‘ஜிஎஃப்பி நோஎஃப்எஸ்’. கோப்பு முறைமை ஒரு பூட்டைப் பிடித்தபடியே நினைவகம் கேட்கிறது என்று வையுங்கள். இடம் தேற்றப் புறப்பட்ட கெர்னல், பக்கங்களை வட்டில் எழுதச் சொல்லி அதே கோப்பு முறைமையிடம் திரும்பி வருகிறது. அங்கே அதே பூட்டு வேண்டியிருக்கிறது. பூட்டை விட நினைவகம் கிடைக்க வேண்டும். நினைவகம் கிடைக்கப் பூட்டை விட வேண்டும். கணினி அப்படியே உறைந்துவிடும். ‘பொறுக்கிறேன், ஆனால் இடம் தேடி என் வீட்டுக்கே வராதே’ என்கிறது இந்த விதி.

இன்னொன்று, பெருக்கல். நான்கு பைட் அளவில் 1,07,37,41,825 உறுப்புகள் வேண்டுமென்று 32 பிட் எண்ணில் பெருக்கினால், விடை வழிந்து வெறும் 4 என்று நிற்கும். நாலு பைட் இடத்தை வாங்கிக்கொண்டு நிரல் எழுதத் தொடங்கும். பக்கத்து நினைவகமெல்லாம் அழியும். எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் வெளியாளாக இருந்தால் அது தாக்குதலுக்குத் திறந்த கதவு. ஆகவே பெருக்கலை நிரலர் கையால் செய்யக் கூடாது; ‘கேமலாக் அர்ரே’ என்ற கெர்னல் செயற்கூறிடம் இரண்டு எண்களையும் தனித்தனியே கொடுக்க வேண்டும். வழிந்தால் அது ஒரு பைட்கூடத் தராது.