கொளுக்கி நிரல்களும் அவற்றைச் சோதித்துத் திருத்தும் முறையும்

ஒரு மலரைத் தொகுக்கும் பத்திராதிபர் குழுவினரை எண்ணிப் பார்ப்போம். ஒரே கட்டுரையை மூவர் திருத்துவர். ஒருவர் சேர்த்த வரியை மற்றொருவர் அறியாது நீக்கிவிடுவர். அச்சுக்கூடத்துக்குச் சென்ற படி எது, மேசையிலே கிடக்கும் படி எது என்ற மயக்கம் இறுதி நாளிலே தலைகாட்டும். கணினிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதே இடர் உண்டு. ஆயிரக்கணக்கான கோப்புக்களைப் பலர் ஒருங்கே திருத்துமிடத்து அவ்விடர் பன்மடங்காகும். அதனை நீக்குதற்பொருட்டு எழுந்தவையே பதிப்புப் பேணும் முறைகள்.

இம்முறைகள் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையன. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே மார்க் றொச்கைண்ட் என்பார் எஸ்.சி.சி.எஸ். என்னும் முறையை ஆக்கினார். 1980களில் ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ். என்பன தோன்றின. சப்வேர்ஷன் என்னும் முறையின் முதலாவது நிறைவுப் பதிப்பு 2004இல் வெளிவந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை ஆக்குவோர் 2002 முதல் பிற்கீப்பர் என்னும் வணிக முறையை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அவ்விலவச உரிமை மீளப் பெறப்பட்டதும், லினஸ் தோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலே கிற் என்னும் புதிய முறையை எழுதத் தொடங்கினார். இன்று மிகப் பரந்து வழங்குவது இதுவேயாகலின், இக்கட்டுரையும் பெரும்பாலும் இதனையே தழுவிச் செல்லும்.

கிற் முறையிலே ஒருவர் தாம் செய்த மாற்றங்களைக் காரணங் கூறும் குறிப்புடன் சேமித்தலைப் பதிவு என்போம். பதிவுகள் யாவும் நிரைப்பட்டிருக்கும் இடம் களஞ்சியம். ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் ஒரு முழுக் களஞ்சியம் வைத்திருப்பர். தம் பதிவுகளை அவ்வப்போது எல்லோர்க்கும் பொதுவான மத்திய களஞ்சியத்துக்கு அனுப்புவர். ஒரே வேலையின் தனித்தனிப் போக்குகள் கிளைகள் எனப்படும்.

கொளுக்கி என்பது யாது?

பதிவு செய்தல், அனுப்புதல் முதலிய செயல்கள் நிகழும் வேளையிலே தானாக இயங்குமாறு கோத்துவிடப்படும் சிறு நிரலே கொளுக்கி. பதிவுக்கு முன் இயங்குவது பிறீ-கொமிற். மத்திய களஞ்சியம் ஒன்றை ஏற்குமுன் இயங்குவது பிறீ-றிசீவ். ஏற்றபின் இயங்குவது போஸ்ற்-றிசீவ். முன்னே இயங்குவன வாயிற்காவலரை ஒப்பன. செயலைத் தடுக்க வல்லன. பின்னே இயங்குவன தூதரை ஒப்பன. நடந்ததை அறிவிப்பனவேயன்றித் தடுக்கமாட்டா.

காவலன் தன் தீர்ப்பைச் சொல்லும் முறை மிக எளியது. நிரல் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். அம்முடிவெண் 0 ஆயின் அனுமதி, வேறெவ்வெண்ணாயினும் மறுப்பு. இவ்வெளிமையே வசதிக்கும் காரணம்; பின்னர்க் கூறப்போகும் பிழைகள் பலவற்றுக்கும் காரணம்.

ஓர் உதாரணங் கொள்வோம். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஒருவர் கவனக்குறைவாக ஒரு கோப்பில் எழுதிப் பதிவு செய்து அனுப்பிவிடுகின்றார். மறுநாள் அவ்வரியை அழித்தாலும் பயனில்லை. பழைய பதிவு களஞ்சியத்திலேயே கிடக்கும், பிரதி எடுத்தோர் கையிலும் இருக்கும். பின்பு கடவுச்சொல்லையே மாற்றுவதன்றி வேறு வழியில்லை. ஆகவே, கடவுச்சொல் போன்றன உள்ள கோப்பை வாயிலிலேயே நிறுத்தும் கொளுக்கி பெரும் பயனுடையது. ஆனால், அக்கொளுக்கி செவ்வனே இயங்குகின்றதென்று யார் அறிவார்? இதுவே நாம் ஆராயப் புகுந்த வினா.

இருவகைப் பிழைகள்

காவலன் இருவகையிலே தவறலாம். நல்லதைத் தடுப்பது ஒன்று. தீயதை விடுவது மற்றொன்று. முதலாவது பிழை உடனே வெளிப்படும். வேலை தடைப்பட்டவர் வந்து முறையிடுவார். இரண்டாவது பிழை வாய் திறவாது. காவல் உண்டு என்ற நம்பிக்கையிலே எல்லோரும் கவனந் தளர்ந்திருப்பர், காவலோ இராது. காவல் இல்லாத வாயிலினும் உறங்கும் காவலனுள்ள வாயில் கொடிது என்பது இதனாலேயாம். ஆதலின், சோதிப்போர் இவ்விரண்டாம் பிழையையே முதலில் தேடுதல் வேண்டும். அது புகும் வழிகளுட் சிலவற்றை இனிக் காண்போம்.

முதலாவது, நிரல் இயங்காமலே இருத்தல். புதிய களஞ்சியம் ஒன்றை ஆக்கும்போது கிற் சில மாதிரிக் கொளுக்கிகளைத் தானே வைக்கின்றது. அவற்றின் பெயரீற்றில் ‘சாம்பிள்’ என்ற சொல் இருக்கும். அதனை நீக்கினாலன்றி அவை இயங்கா. கோப்புக்கு இயக்க அனுமதி கொடுக்கப்படாதிருப்பினும் லினக்ஸில் அது இயங்காது. செயல் மட்டும் தடையின்றி நடந்தேறும். 2016இல் வந்த 2.9ஆம் பதிப்பு முதல் கொளுக்கிகளை வேறோர் கோப்புறையில் வைக்கவும் அமைப்பிலே இடமுண்டு. அவ்வாறு அமைத்தபின் பழைய இடத்தில் உள்ளவை கவனிக்கப்படமாட்டா.

இரண்டாவது, முடிவெண் மாறிப்போதல். ஷெல் நிரலிலே கடைசியாக இயங்கிய கட்டளையின் முடிவெண்ணே நிரல் முழுவதன் முடிவெண்ணாகும். சோதனை தோல்வியுற்றபின் ‘பிழை கண்டேன்’ என்று ஒரு வரியை அச்சிட்டு நிரல் முடிந்தால், அச்சிடுதல் வெற்றியாக நடந்தமையின் முடிவெண் 0 ஆகிவிடும். பிழை இருப்பதைத் திரையிலே கூறிக்கொண்டே காவலன் கதவைத் திறந்துவிடுகின்றான்! குழாய்க் குறிக்குப் பின் வரும் சுற்றுக்குள்ளே ‘வெளியேறு’ எனக் கட்டளையிட்டாலும் இதுவே கதி. பெரும்பாலான ஷெல்களில் அக்கட்டளை உள்ளே தோன்றிய கிளை ஷெல்லை மட்டுமே முடிக்கும். மூல நிரல் தொடர்ந்து செல்லும்.

மூன்றாவது, பொருளை மாற்றிச் சோதித்தல். பதிவாகப் போவது உறையிலே இட்ட கடிதம். மேசையிலே கிடப்பது அதன் மற்றொரு படி. கிற் முறையிலும் பதிவுக்கென ஆயத்தஞ் செய்த வடிவம் வேறு, கோப்புறையிலே காணப்படும் வடிவம் வேறாக இருக்கலாம். பிறீ-கொமிற் நிரல் கோப்புறையிலே உள்ளதை வாசித்தால், மேசைப் படியிலே திருத்திவிட்டு உறையிலே திருத்தாத பிழை தப்பிச் செல்லும். ஆயத்தஞ் செய்த வடிவத்தையே எடுத்து வாசிக்கக் கட்டளைகள் உண்டு. அவற்றையே பயன்படுத்துதல் வேண்டும்.

நான்காவது, கோப்பின் பெயர். இது தமிழராகிய நமக்குச் சிறப்பாக உரியது. பெயரின் நடுவே இடைவெளி இருப்பின், கவனமின்றி எழுதிய நிரல் அதனை இரு கோப்புக்களாகக் கொள்ளும். தமிழிலே பெயரிட்ட கோப்பாயின் நிலை இன்னும் வேறு. கிற் தனது இயல்பான அமைப்பிலே, ஆங்கில எழுத்தல்லாதவற்றை எண் குறிகளாக மாற்றி, பெயர் முழுவதையும் மேற்கோட் குறிகளுக்குள் இட்டுத் தரும். ‘அ’ என்னும் ஓர் எழுத்து \340\256\205 என வரும். பெயரின் கடைசியிலே மேற்கோட் குறி வந்துவிடுதலால், குறித்த பெயரீறு உள்ள கோப்புக்களை மட்டும் தெரிந்து சோதிக்கும் நிரல் தமிழ்ப் பெயருடைய கோப்பைக் கண்டுகொள்ளாது. பிழைச் செய்தியும் வராது. ஆங்கிலப் பெயருள்ள கோப்புக்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் இக்குறையை ஒருபோதும் அறியார். பெயர்களை மாற்றமின்றித் தருமாறு கேட்கும் ‘இசட்’ என்னும் தெரிவைக் கையாளுதல் இதற்குத் தக்க பரிகாரம்.

ஐந்தாவது, தொடக்கமும் முடிவும். மத்திய களஞ்சியத்திலுள்ள பிறீ-றிசீவ் கொளுக்கிக்கு ஒவ்வொரு கிளைக்கும் மூன்று செய்திகள் வரும்: பழைய பதிவின் அடையாளம், புதிய பதிவின் அடையாளம், கிளையின் பெயர். கிளை புதிதாயின் பழைய அடையாளத்தின் இடத்திலே, வழக்கமான களஞ்சியங்களில், 40 பூச்சியங்கள் வரும். கிளை நீக்கப்படுமாயின் புதிய அடையாளத்தின் இடத்திலே அவை வரும். இதனை எண்ணாது ‘பழையதுக்கும் புதியதுக்கும் இடைப்பட்ட பதிவுகளைத் தா’ என்று நிரல் கேட்டால், அக்கட்டளை தோல்வியுறும்; அத்தோல்வியையும் நிரல் கவனியாதுவிடின், பட்டியல் வெறுமையாகி யாவும் அனுமதிக்கப்படும்.

ஆறாவது, சூழல். கையாலே இயக்கும்போது செவ்வனே நடக்கும் நிரல் கொளுக்கியாக இயங்கும்போது தவறுவதுண்டு. சப்வேர்ஷன் தன் கொளுக்கிகளை இயல்பாக வெறுமையான சூழலிலே இயக்குகின்றது. கட்டளைகளைத் தேடும் பாதையும் அங்கில்லை. ஆகவே கட்டளைகளின் முழு முகவரியையும் எழுதுதல் வேண்டும். கிற் முறையிலோ இதற்கு நேர்மாறான தொல்லை. களஞ்சியம் எங்குள்ளது என்று கூறும் சூழல் மாறியொன்றைக் கிற் முன்னரே அமைத்துவிடும். போஸ்ற்-றிசீவ் நிரல் வேறொரு கோப்புறைக்குச் சென்று அங்குள்ள களஞ்சியத்தைப் புதுப்பிக்க முயன்றால், ‘இது களஞ்சியமன்று’ என்னும் விடை வரும். பழைய முகவரி மாறியிலே தங்கியிருப்பதே காரணம். அம்மாறியை முதலில் நீக்கிவிட்டால் தொல்லை தீரும்.

சோதிக்கும் முறை

பலரும் பயன்படுத்தும் களஞ்சியத்திலே கொளுக்கியைச் சோதித்தல் தகாது. ஒரு தற்காலிகக் கோப்புறையிலே மத்திய களஞ்சியம் போன்ற ஒன்றை ஆக்குக. அதிலிருந்து ஒரு பிரதி எடுக்குக. கொளுக்கியை அம்மத்திய களஞ்சியத்திலே வைத்து, இயக்க அனுமதி கொடுக்குக. இவையனைத்தும் சில நொடிகளில் முடியும். வேலை முடிந்ததும் கோப்புறை முழுவதையும் அழித்துவிடலாம்.

பின்னர், தடுக்கப்பட வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே அனுப்புக. திரையிலே மறுப்புச் செய்தி வந்ததென்று அமைதல் கூடாது. அனுப்பும் கட்டளையின் முடிவெண் 0 அல்லாதது என்பதையும், மத்திய களஞ்சியத்தின் கிளை முன்னிருந்த இடத்திலேயே நிற்கின்றது என்பதையும் நோக்குக. அதன்பின் நல்ல பதிவொன்றை அனுப்பி, அது ஏற்கப்படுகின்றதா என்று காண்க. இவ்விரண்டும் இணையாகவே நிகழ்தல் வேண்டும். யாவற்றையும் தடுக்கும் நிரல் முதற் சோதனையிலே தேறும். யாவற்றையும் விடும் நிரல் இரண்டாவதிலே தேறும். இரண்டிலும் தேறுவதே காவல்.

இவ்வடிப்படை அமைந்தபின், முதற் பதிவு, புதிய கிளை, நீக்கப்படும் கிளை, ஒரே முறையில் அனுப்பப்படும் பல கிளைகள், இடைவெளியுள்ள பெயர், தமிழ்ப் பெயர், அழிக்கப்படும் கோப்பு என்பவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்குக. இவற்றையெல்லாம் கையாலே திரும்பத் திரும்பச் செய்வது சலிப்புத் தரும். ஆதலின் சோதனைகளையும் ஒரு நிரலாகவே எழுதிவைத்தல் நன்று. 2022இல் வெளிவந்த 2.36ஆம் பதிப்பு முதல், ஒரு கொளுக்கியை மட்டும் பெயர் கூறி இயக்கும் கட்டளையும் கிற்றிலே உண்டு. எனினும், உண்மையான அனுப்புதலைச் செய்து பார்ப்பதே முடிந்த முடிபாகும்.

திருத்தும் முறை

பிழையொன்று தோன்றியவுடன் நிரலைத் திருத்த விரைதல் ஆகாது. முதலிலே அப்பிழையை எழுப்பும் சோதனையை எழுதுக. அது தோல்வியுறுதலைக் கண்ணாற் காண்க. தோல்வியுறாத சோதனை பிழையைத் தொடவில்லை என்பதே பொருள். அடுத்து, ஷெல் தான் செய்வதை வரிவரியாகக் காட்டும் தெரிவை இட்டு, எவ்விடத்தில் எதிர்பார்த்ததும் நடந்ததும் பிரிகின்றன என்று காண்க. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. சோதனை தேறியதும், முன்னைய சோதனைகள் யாவற்றையும் மீள இயக்குக. புதிய சோதனையை அழியாது பேணுக. அதே பிழை மறுபடி வருமாயின் அது காட்டிக்கொடுக்கும்.

இன்னும் மூன்று உண்மைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். மறுக்கும் நிரல் ஏன் மறுத்தது, என் செய்தல் வேண்டும் என்பதைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். காரணமறியாத் தடை வெறுப்பையே வளர்க்கும். பிறீ-கொமிற் நிரல் விரைவில் முடிதல் வேண்டும். காத்திருக்கச் செய்தால், அதனைத் தவிர்க்கும் ‘நோ-வெரிபை’ என்னும் தெரிவை மக்கள் பழகிக்கொள்வர். அத்தெரிவு யார்க்கும் திறந்திருப்பதாலும், களஞ்சியத்தைப் பிரதி எடுக்கும்போது கொளுக்கிகள் உடன் வாராமையாலும், தனியாரின் கணினியிலுள்ள கொளுக்கி உதவியேயன்றிக் காவலன்று. கட்டாயமாகக் காக்க வேண்டியதை மத்திய களஞ்சியத்தின் வாயிலிலேயே காத்தல் வேண்டும். கொளுக்கி நிரலும் பலர் கைபட்டு மாறுவதே. ஆதலின் அதனையும் அதன் சோதனைகளையும் களஞ்சியத்திலேயே பதிவு செய்து பேணுதல் முறையாகும்.

கணினித் துறையிலே புகும் இளமாணவர்கள் புதிய மொழிகளையும் கருவிகளையும் விரும்பிக் கற்கின்றனர். அது நன்றே. ஆயினும், இருபது வரி கொண்ட ஒரு சிறு காவல் நிரலை எழுதி, அது விடக்கூடாததை விடவில்லை என்று தாமே நிறுவிக் காட்டும் பழக்கமும் அவர்க்கு வேண்டும். கிற் இலவசமாகக் கிடைப்பது. மேலே கூறிய சோதனைகளைப் பழைய கணினி ஒன்றிலேயே ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கலாம். தமிழ்ப் பெயரிட்ட கோப்பிலிருந்து தொடங்குவார்களாயின், பெரிய நிரல்களிலும் பலர் காணத் தவறும் பிழையொன்றைத் தம் கண்ணாலேயே காண்பர்.