தாய்நாடே புதுநாடு ஆனது!

பிறந்த நாட்டில் அவர்களுக்கு "கலா" என்று பெயர். இந்தியாவில் இருந்து வந்தவர்களைப் பர்மியர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். இங்கு வந்த பிறகோ "பர்மாக்காரர்" என்று பெயர்! இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட தமிழர்கள் வட சென்னையில் ஏராளம். எண்ணூர்ப் பக்கம் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது. வியாசர்பாடியிலும் அவர்கள் நிறைய உண்டு.

ஒரே நாளில் காகிதம்!

1962-ம் ஆண்டு மார்ச் மாதம் பர்மாவில் ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஆலைகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. பாடுபட்டு வைத்த கடை கைவிட்டுப் போயிற்று. 1964-ம் ஆண்டு மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டியில் பூட்டி வைத்த சேமிப்பு காகிதம் ஆயிற்று.

மக்கள் கப்பல் ஏறினார்கள். உடன் கொண்டுவர விட்ட பணமும் நகையும் மிகச் சொற்பம். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் 1 லட்சத்து 44 ஆயிரம் பேருக்கு மேல்.

"தாயகம் திரும்பியோர்" என்று அரசாங்கம் அவர்களைக் குறிப்பிட்டது. அந்தச் சொல் எல்லோருக்கும் பொருந்துமா? பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அங்கேயே மணம் முடித்தவர்கள். தாயகம் என்பது தாத்தா சொன்ன கதை, அவ்வளவுதான். வட்ட வட்டமான பர்மிய எழுத்தை எழுதிப் பழகிய பிள்ளைகள் இங்கே "அ, ஆ"வில் இருந்து தொடங்க வேண்டி இருந்தது. அக்கம்பக்கத்தாருக்கோ அவர்கள் பேச்சும் புதிது, சாப்பாடும் புதிது.

திரும்பிப் போனவர்கள்

அதற்கு முன்பும் பர்மாவில் இருந்து ஒருமுறை ஓடி வந்தது உண்டு. 1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல ஆயிரம். போர் முடிந்ததும் பலர் மறுபடி பர்மாவுக்கே போய்விட்டார்கள்.

1964-க்குப் பின் வந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனாலும் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. தரைவழியாகத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் மோரே என்று ஓர் ஊர். கொஞ்ச தூரத்தில் பர்மாவின் தமு நகரம். கண்ணுக்கு எதிரே பர்மா! ஆனால், உள்ளே விடவில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பவும் மனம் இல்லை. அந்த எல்லையிலேயே குடிசை போட்டார்கள், கடை வைத்தார்கள், அங்காள பரமேசுவரிக்குக் கோவிலும் கட்டினார்கள். மணிப்பூர் மலையடிவாரத்தில் தமிழ்க் குடியிருப்பு வந்த கதை இதுதான்.

சென்னையில் தங்கியவர்கள் பிழைக்க வழி தேடினார்கள். 1969-ல் துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் தோன்றியது. அவர்களுக்குக் கடன் உதவி செய்ய ரெப்கோ வங்கி தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

கையால் பிசைந்த அத்தோ

கடன் கிடைக்காதவர்களுக்கும் ஒரு முதல் இருந்தது. அது கைப்பக்குவம்!

"அத்தோ" என்று தள்ளுவண்டியில் விற்கிறார்களே, அது பர்மியச் சொல். கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். நூடுல்சோடு முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் சேர்த்து, மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். கரண்டி போட்டுக் கிளறினால் அந்த ருசி வராது என்பது அத்தோ பிரியர்களின் கட்சி. பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்துத் தருவது தனி.

இன்னொன்று மொயிங்கா. பர்மாவில் அது மீன் குழம்பு ஊற்றிய சேமியா மாதிரி. விடிந்ததும் தெருவோரத்தில் சாப்பிடும் காலைப் பலகாரம். சென்னையில் காலை நேரம் இட்லிக்கும் பொங்கலுக்கும் சொந்தம் அல்லவா? அதனால் பர்மாக் கடை வண்டிகளில் அடுப்பு எரிவது பெரும்பாலும் மாலையில்தான்.